காக்காய் வராத ஆடி அமாவாசை

கோதண்டராமன் சார் மொட்டை மாடியில் நின்றுகொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

"கா... கா... கா..."

இடுப்பில் ஈர வேட்டி. நெற்றியில் பட்டையாகத் திருநீறு. கைப்பிடிச் சுவரில் வாழை இலைத் துண்டு, அதில் சோறு, பருப்பு, வடை, கொஞ்சம் பாயசம். உச்சி வெயில். ஒரு காக்காய் வரவில்லை.

அடுத்த மாடியில் மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். அதற்கடுத்த மாடியில் ஒரு டீச்சரம்மா. எதிர்வரிசையில் இன்னும் நாலைந்து பேர். தெரு முழுக்கப் படித்தவர்கள், உத்தியோகம் பார்த்தவர்கள். எல்லோரும் வானத்தைப் பார்த்துக் கா கா என்று கூவினார்கள். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

நான் என் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு வந்தது. சிரித்தேன்.

"சிரிக்காத ஜெய்த்தூனு. பாவம், பசியோட கீறாங்க" என்றார் என் வீட்டுக்காரர் அனீபா.

"பாவமா? அன்னிக்கு மீட்டிங்ல என்னைப் பார்த்து யாரு மச்சான் பாவம்னாங்க?"

அவர் கத்தியைத் துடைத்து வைத்தார். அமாவாசை அன்றைக்கு எங்களுக்கு வியாபாரம் இருக்காது. கடையைத் திறந்து வைத்துக்கொண்டு தெருவை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

செத்துப்போன பெரியவர்களுக்குப் படைத்த சோற்றை முதலில் காக்காய் தொட வேண்டும். அப்புறம்தான் வீட்டில் இலை போடுவார்கள். காக்காய் தொடவில்லையென்றால் யாரும் வாயில் ஒரு பருக்கை வைக்க முடியாது. எங்கள் தெருவில் அதுவரை காக்காய்க்குப் பஞ்சமே வந்ததில்லை. அந்த வருஷம் வந்தது. அதற்குக் காரணம் நான். என்னை அப்படிச் செய்ய வைத்தவர்கள் அந்த மாடிகளில் நின்றவர்கள்.

கறிக்கடைக்காரி

போன வாரம் இந்தத் தொடரில் என் கல்யாணத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், உங்கள் எழுத்தில் பணிவு இல்லை என்று சொல்லியனுப்பியிருக்கிறார். ஐயா, நான் கறிக்கடை வைத்திருப்பவள். என்னிடம் எலும்பு இருக்கும், கொழுப்பு இருக்கும். பணிவு வேண்டுமென்றால் பூக்கடைக்குப் போங்கள்.

எங்கள் கடை சேலையூர்ப் பக்கம் ஒரு காலனியின் முனையில் இருக்கிறது. என் அத்தா ஆரம்பித்தது. அவருக்கு மகன் இல்லை, நான்தான். மச்சான் கறி வெட்டுவார். தராசு, கல்லா, வாய்ச்சண்டை மூன்றும் என் பொறுப்பு. அவருக்குச் சண்டை வராது. ஆடு அறுக்கும் ஆட்டுத்தொட்டியில் யாராவது முன்னால் புகுந்தால்கூட, "போவட்டும், அவனுக்கு இன்னா அவசரமோ" என்று வழிவிடுவார்.

தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதன் பயிற்சி விமானங்கள் எங்கள் தலைக்கு மேலேதான் சுற்றும். செக்கு மாடு மாதிரி ஒரே வட்டம். ஏறும், சுற்றும், இறங்கும், தரையைத் தொட்டதும் மறுபடி ஏறும். விமானம் மேலே வந்தால் நாங்கள் பேச்சை நிறுத்திவிடுவோம். போனதும், விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். "நெஞ்செலும்பு" என்று ஒரு அம்மா சொல்லி நிறுத்துவார். விமானம் போகும். "கொஞ்சமா போடு" என்று முடிப்பார். புதிதாகக் குடிவந்தவர்கள் மட்டும் அந்தச் சத்தத்தோடு போட்டி போட்டுக் கத்துவார்கள். ஆறு மாதத்தில் அவர்களும் கற்றுக்கொள்வார்கள்.

சைக்கிளில் வந்தவர்

அத்தா கடையில் இருந்த காலத்தில் ஒருநாள் காலை, ஒரு விமானம் வழக்கத்தைவிடத் தாழ்வாக வந்தது. சத்தமும் சரியில்லை. காசநோய்க்காரர் இருமுவது மாதிரி விட்டுவிட்டு இருமியது. கடையில் நின்ற எல்லோரும் குனிந்துவிட்டோம். எங்களைத் தாண்டிப் போய் எப்படியோ இறங்கிவிட்டது. பருந்து மோதியது என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் தளத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். வடக்கத்திக்காரர். சீருடை போட்டிருந்தார், அதிகாரம் எதுவும் காட்டவில்லை. உடைந்த தமிழில் அத்தாவிடம் பேசினார்.

"பாய், குடல், தோல் எல்லாம் மூடி வைங்க. திறந்து வெச்சா பருந்து வருது. மேலே நம்ம பசங்க இருக்காங்க."

அவ்வளவுதான். மனு கிடையாது, மிரட்டல் கிடையாது. அத்தா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு அடுத்த கறிக்கடைக்குச் சைக்கிளை மிதித்தார். அத்தா அன்று சாயங்காலமே மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம் வாங்கிவந்தார். கழிவை ஏரிக்கரையில் கொட்டுவதும் அன்றோடு நின்றது.

யாரோ பெற்ற பிள்ளைகள். எந்த ஊரோ, என்ன பாஷையோ. அவர் நம்ம பசங்க என்றார். அத்தாவும் அதற்குப் பிறகு அப்படித்தான் சொல்வார். விமானம் தடதடக்கும்போது மேலே பார்த்து, "பார்த்து ஓட்டுறா தம்பி" என்பார்.

பங்கு போடும் பேச்சு

பிறகுதான் அந்தப் பேச்சு கிளம்பியது. விமானப்படை ஓடுதளத்தைப் பயணிகள் விமானங்களோடு பங்கு போட்டுக்கொள்ளலாமா என்று. பத்திரிகையில் வந்தது, டிவியில் வந்தது, எங்கள் காலனி வாட்ஸப்பில் காலை வணக்கத்தைவிட அதிகமாக வந்தது. யாரும் எதையும் முடிவு செய்யவில்லை. ஆனால் எங்கள் காலனியில் விமானம் வந்து இறங்கிவிட்ட மாதிரிதான் நடந்துகொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், சமோசா, டீ. கோதண்டராமன் சார்தான் சங்கத் தலைவர். பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் எழுந்து நின்று, முறைப்படி செய்ய வேண்டும் அவருக்கு. ஞாயிறுதோறும் என் கடைக்கு வருவதுகூட முறைப்படிதான். அதே பை, அதே நேரம், முக்கால் கிலோ தொடைக்கறி.

நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் கார்த்திக் என்ற பையன் முதலில் பேசினான்.

"மீனம்பாக்கத்துல கூட்டம் தாங்கலை அங்கிள். சின்ன ஊருக்குப் போற சின்ன ஃப்ளைட்டுக்கு இங்க இடம் குடுத்தா என்ன? ரன்வே பாதி நேரம் சும்மாதானே கிடக்கு?"

விக்டர் அண்ணன் எழுந்தார். விமானப்படையில் இன்ஜின் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எழுந்தால் உட்கார வைப்பது கஷ்டம்.

"தம்பி, தாம்பரத்துல ரயில் ஏறுனா நாலாவது ஸ்டேஷன் ஏர்போர்ட்டு. இங்க இன்னொண்ணு எதுக்கு? சும்மா கெடக்குன்னு யார் சொன்னது? அது கத்துக்கிற எடம். கத்துக்கிறவன் தப்பு பண்ணுவான். தப்பு பண்றதுக்குத்தான் அந்த எடமே. பின்னாடி ஒரு ப்ளேன் நிறைய ஜனத்தை வெச்சிக்கினு நின்னா அவன் கை நடுங்காதா?"

"புனேல பறக்கலையா? கோவால பறக்கலையா? எல்லாம் மிலிட்டரி ஏர்போர்ட்தானே அங்கிள்?"

"கோவாவுல ட்ரெய்னிங் பையன் தலையில ஏறியா போறான்?"

"அண்ணே, ஸ்கூல் பஸ்ஸே நம்ம தெருவுல திரும்ப முடியல. ஏர்போர்ட் டாக்சி எங்கிருந்து திரும்பும்?" என்றார் ஒருவர். சிரித்தார்கள்.

இந்தச் சண்டையில் யார் சொன்னது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது. நான் சமோசாவைத் தின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது கோதண்டராமன் சார் தொண்டையைச் செருமினார்.

"ஏர்போர்ட் வேணும்னு கேக்கறதுக்கு முன்னாடி நம்ம பக்கம் சரியா இருக்கணும். பறவை ஒரு பெரிய ஆபத்து. நம்ம காலனி முனையில ஒரு கறிக்கடை இருக்கு. அதோட லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டாம், கடையை வேற இடத்துக்கு மாத்தணும்னு நாமளே மனு குடுப்போம். அடுத்த பொதுக்குழுவுல தீர்மானம் போட்டுடலாம்."

தின்றுகொண்டிருந்த சமோசாவைத் தட்டில் வைத்தேன். நான் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். என் பெயர்கூடச் சொல்லவில்லை. ஒரு கறிக்கடை இருக்காம்.

ஓடுதளத்தைச் சுற்றி ஆடு மாடு அறுக்கக்கூடாது, குப்பை கொட்டக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம். நாங்கள் கடையில் அறுப்பதில்லை. ஆட்டுத்தொட்டியிலிருந்துதான் கறி வருகிறது. கழிவும் மூடிய டிரம்மில்தான் போகிறது. எழுந்து நின்று அதைச் சொன்னேன். அப்புறம் கேட்டேன்.

"சார், எனக்குப் புத்தி தெரிஞ்ச நாள்லேருந்து மேல ப்ளேன் பறக்குது. அப்பல்லாம் பருந்து இல்லையா?"

"அது ஏர்ஃபோர்ஸ் சமாச்சாரம்மா. இது பப்ளிக்."

"ஏர்ஃபோர்ஸ்ல பறக்கறவன் மனுஷன் இல்லையா? சம்பளம் வாங்கறவன் செத்தா பரவால்ல, டிக்கெட் வாங்கினவன் மட்டும் சாகக்கூடாது. அப்படித்தானே?"

யாரும் கைதட்டவில்லை.

விக்டர் அண்ணன் சும்மா இருப்பாரா? "தப்பா எடுத்துக்காதீங்க. பறவைன்னு பார்த்தா, நீங்க தினம் மாடியில வெக்கிற காக்கா சோறும் அதே கேஸ்தான்" என்றார்.

அவ்வளவுதான், கட்டடம் அதிர்ந்தது. டீச்சரம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"எங்க மாமனாருக்கு வெக்கிற சோறு சார் அது! உங்க ப்ளேனுக்காக அவரைப் பட்டினி போடச் சொல்றீங்களா?"

"விக்டர், உக்காருங்க. அது வேற, இது வேற" என்றார் கோதண்டராமன் சார்.

அது வேற, இது வேற. என் வாழ்க்கையில் இந்த நாலு வார்த்தையை எத்தனை இடத்தில் கேட்டிருக்கிறேன்! ஞாயிற்றுக்கிழமை கறி வேண்டும், அது வேற. கறிக்கடை வேண்டாம், இது வேற.

மூடினேன்

மறுநாளே கொல்லனைக் கூப்பிட்டுக் கடையின் முன்பக்கம் முழுக்கக் கம்பிவலை அடித்தேன். உள்ளே கண்ணாடிக் கதவு. சாக்கடைக்குப் போகும் தண்ணீருக்குச் சல்லடை. வெளியே ஒரு துணுக்குத் தெரியக்கூடாது, ஒரு சொட்டுச் சிந்தக்கூடாது.

மச்சானுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் முதல் தொடையை வெட்டும்போது ஜவ்வைக் கிள்ளி வாசலில் எறிவார். காக்காய்கள் அதற்காகவே வந்து மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும். சில அவர் கையிலிருந்தே வாங்கும். அதையும் நிறுத்தச் சொன்னேன்.

"ஒரு துண்டு ஜவ்வு. அதுக்கு இன்னா ப்ளேன் வுழுந்துடப் போவுது?"

"கையைக் கீழ போடு மச்சான்."

"அதுங்க இன்னாமே பண்ணுச்சு?"

"அதுங்க ஒண்ணும் பண்ணல. நமக்கு எதிரா ஒருத்தன் விரல் நீட்ட ஒரு துண்டு ஜவ்வு போதும். போடாத."

காக்காய்கள் சில நாள் கம்பியில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தன. தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாகக் கிளம்பி ஏரிக்கரைக் குப்பை மேட்டுக்குப் போய்விட்டன. மாடியில் வைக்கும் ஒரு கைப்பிடிச் சோற்றுக்காக மட்டும் எந்தக் காக்காயும் ஒரு தெருவில் குடியிருக்காது. இதை நானும் அப்போது யோசிக்கவில்லை, காலனிக்காரர்களும் யோசிக்கவில்லை.

ஆடி அமாவாசை வந்தது.

"மூடியைத் திற"

முதலில் டீச்சரம்மா தோற்றார். ஒரு தூக்குவாளியில் படையல் சோற்றை எடுத்துக்கொண்டு ஆட்டோ ஏறினார். எங்கே என்று டிரைவர் கேட்டதும், குரலைத் தாழ்த்தி, "ஏரிக்கரை குப்பை மேடு" என்றார். பாயசத்தோடு குப்பை மேட்டுக்குப் போன ஆட்டோவை அன்றுதான் பார்த்தேன். இன்னும் சிலர் பசுமாட்டைத் தேடிப் போனார்கள்.

கோதண்டராமன் சார் எங்கும் போகவில்லை. அவருக்கு முறை முறைதான். காக்காய் வர வேண்டும், அதுவும் அவர் மாடிக்கு வர வேண்டும். வெகுநேரம் கழித்து இறங்கி, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு என் கடைக்கு வந்தார். அமாவாசையன்று அவர் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

"ஜெய்த்தூன், ஒரு உதவி."

"சொல்லுங்க சார்."

"அந்த டிரம் மூடியைக் கொஞ்சம் திறந்து வெளிய வையேன். வாசனைக்கு வந்துடும். வந்து என் இலையில ஒரு வாய் வெச்சிட்டுப் போகட்டும், மூடிடு."

மேலே விமானம் வந்தது. இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். சத்தம் தாம்பரம் பக்கம் நகர்ந்து தேய்ந்தது.

"மாட்டேன் சார்."

"ஒரு நாளைக்குத்தானேம்மா?"

"மேல போறானே, அவன் சாகறதுக்கும் ஒரு நாள் போதும்."

மச்சான் என் முழங்கையை இடித்தார். நான் நகரவில்லை. பழி தீர்க்கத்தான் சொன்னேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பாதி அதுதான். மீதி, சைக்கிளில் வந்தவர் சொன்னது. அவர் சொன்னதற்காக மூடினோம். கோதண்டராமன் சார் சொல்லித் திறப்பதற்கில்லை.

அவர் திரும்பப் போனார். இரண்டடி எடுத்தவர் கதவைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் வியர்வை. கை நடுங்கியது.

"சார், சுகர் மாத்திரை போட்டீங்களா?"

"காலையில போட்டேன்."

"சாப்பிடல?"

"எப்படிச் சாப்பிடறது? அப்பாவுக்கு இன்னும்..."

மச்சான் அவரைத் தாங்கி உள்ளே ஸ்டூலில் உட்கார வைத்தார். ஓடிப்போய்ப் பக்கத்துப் பெட்டிக்கடையிலிருந்து வாழைப்பழம் வாங்கிவந்தார். சார் தலையை ஆட்டினார். வேண்டாமாம். எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை.

"தின்னுங்க சார்! பசியில நீங்களும் போயிட்டா, உங்களுக்கும் சேர்த்து உங்க பசங்க எங்க போய்க் காக்கா தேடுவாங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பழத்தை உரித்தார். கறிக்கடைக்குள், வெட்டும் கட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அமாவாசையன்று, காக்காய்க்கு முன்னால் சாப்பிட்டார். கண்ணாடிக் கதவு வழியாகத் தெரு முழுக்கப் பார்த்தது. நடுக்கம் அடங்கியதும் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லிடறேன். பொதுக்குழுவுல அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவரத்தான் போறேன். இதுக்காக மாத்திக்க மாட்டேன்."

"மாத்திக்காதீங்க. ஒரு வாழைப்பழத்துக்கு மாறுற ஆளு எனக்கும் வேணாம்."

கைகள்

பொதுக்குழு கூடியது. அவர் எழுந்து நின்று தீர்மானத்தை வாசித்தார். ஓடுதளத்தைப் பகிர்ந்துகொள்வதை வரவேற்கிறோம், பறவை ஆபத்தை முன்னிட்டுக் கறிக்கடையை அகற்றக் கோருகிறோம். இரண்டும் ஒரே தீர்மானம்.

நான் எழுந்து, "என் கடை முன்னாடி கடைசியா எப்ப காக்காயைப் பார்த்தீங்க? சொல்லுங்க" என்றேன்.

 பதிலுக்குக் கைகள்தான் எழுந்தன. விக்டர் அண்ணனும் இன்னும் சிலரும் தூக்கவில்லை. மற்ற கைகள் எல்லாம் எனக்குத் தெரிந்த கைகள். கொழுப்பில்லாமல் கேட்கிற கை. தலைக்கறி சொல்லி வைக்கிற கை. சாந்தா அக்கா, உன் மருமகள் பிள்ளை பெற்றபோது ஆட்டுக்கால் தேடி அலைந்தாயே, யார் கொண்டுவந்து கொடுத்தது? வாய்விட்டுக் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். சில கைகள் பாதியில் வளைந்தன. இறங்கவில்லை.

தீர்மானம் நிறைவேறியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கடையைத் திறந்தேன். வரிசை வழக்கம்போல் தெருமுனைவரை நின்றது. தீர்மானம் போட்டவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை வரத்தானே செய்யும்?

மச்சான் கத்தியை எடுத்தார். "இரு மச்சான், வெட்டாத" என்றேன். வாசலுக்கு வந்தேன்.

"கூட்டத்துல கை தூக்கினவங்க, இங்கயும் ஒரு தடவை தூக்குங்க. நான் பார்க்கணும்."

சிலர் போனை எடுத்துப் பார்த்தார்கள். சாந்தா அக்கா பையை மடித்து மடித்து விரித்தாள். கார்த்திக் மட்டும் வாயைத் திறந்தான்.

"அக்கா, நாங்க ஏர்போர்ட்டுக்குத்தான் தூக்கினோம். உங்க கடைக்கு எதிரா இல்ல."

"ஒரே தீர்மானம், ஒரே கை. எந்த விரல் ஏர்போர்ட்டுக்கு, எந்த விரல் எனக்குன்னு காட்டு."

அவன் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். வரிசையில் ஒரு கைகூட எழவில்லை. 

பின்னாலிருந்து ஒரு கை எழுந்தது. அதே பையைப் பிடித்த கை.

"நான் தூக்கினேன்" என்றார் கோதண்டராமன் சார்.

"தெரியும் சார். முன்னால வாங்க."

வரிசை விலகி வழிவிட்டது. மச்சான் தொடைக்கறியை வெட்டினார். நான் நிறுத்தேன். யாருக்கும் கொடுக்காமல் வீட்டுக்கென்று எடுத்துவைத்திருந்த ஈரலை முழுசாக அவர் பையில் போட்டேன்.

"அக்கா, எங்களுக்கு?" என்றான் கார்த்திக்.

"கறி உண்டு. ஈரல் கிடையாது."

கோதண்டராமன் சார் பையை வாங்கிக்கொண்டார். போகாமல் நின்றார்.

"மனு போயாச்சு ஜெய்த்தூன். திரும்ப வாங்கப் போறதில்ல."

"போகட்டும் சார். வர்றவங்க வந்து பார்க்கட்டும், நான் பதில் சொல்லிக்கறேன். அடுத்த ஞாயித்துக்கெழமையும் கடை உண்டு. சீக்கிரமா வாங்க, நல்லி எலும்பு தீர்ந்துடும்."